ஒருநாள் லீவு போட்டா சம்பளம் கட்... சட்டசபைக்கு வராத எம்.எல்.ஏ-வுக்கு?

மதுரையில் பொழுது விடிவதற்குள் வருகைப் பதிவு ஆரம்பித்துவிடும். வார்டுகளில் துப்புரவுப் பணியாளர்கள் பெயர் கொடுத்துவிட்டுத்தான் விளக்குமாற்றைக் கையில் எடுப்பார்கள். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால், லேட்டாக வந்தால் அரைநாள், வரவே இல்லையென்றால் முழுநாள் என்று கணக்கைக் கைவிரலில் சொல்வார்கள். ஊருக்கு வெளியே மேலூர், உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கம் போனால் நூறு நாள் வேலை. அங்கே 2023 ஜனவரி 1 முதல் ஒரே நாளில் இரண்டு முறை போன் செயலியில் போட்டோ எடுத்து வருகையைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. கண்மாய்க்குள் சிக்னல் கிடைக்காமல் போட்டோ ஏறவில்லையென்றால், மண் வெட்டியதற்குக் கூலி வருமா என்ற பயம் வந்துவிடும். 2025-26-ம் நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அந்தக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய்.

இவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.எல்.ஏ-வுக்கு மாதச் சம்பளம், படிகள் எல்லாம் சேர்த்து 1,05,000 ரூபாய். சட்டமன்றம் கூடும் நாளில் அவர் போனாலும் அதே தொகைதான், போகாவிட்டாலும் அதே தொகைதான்.

'இது என்ன நியாயம்?' என்ற கேள்வி டீக்கடை பெஞ்சில் அடிக்கடி எழுவதுதான். ஆனால், இதே கேள்வியைத் தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி எழுந்த சூழலில் மதுரைக்கும் பெரிய பங்கு உண்டு.

மதுரைக் கிளையில் தடை... சென்னையில் கேள்வி

2017 செப்டம்பர் 7. பழைய ஓய்வூதியத் திட்டம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பைச் சேர்ந்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போராட்டத்துக்குத் தடை போட்டது. தடையை மீறியும் போராட்டம் தொடர, நீதிமன்ற அவமதிப்பு விசாரணை வரை போனது. தலைமைச் செயலாளரே மதுரைக்கு வந்து நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டியிருந்தது.

அந்த நாள்களில் அரசுத் தரப்பில் அடிக்கடி உச்சரிக்கப்பட்ட வாசகம், 'வேலை இல்லையேல் ஊதியம் இல்லை'. இது புதிதல்ல. வேலைநிறுத்தம் செய்த நாளுக்குச் சம்பளம் பிடிக்கலாம் என்று 1990-லேயே ஒரு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003-ல் தமிழ்நாட்டில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜெயலலிதா ஆட்சியில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் ஒரே அடியாக வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். 'அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை' என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

2017-க்கு வருவோம். ஆசிரியர்கள் சாலையில் நின்ற அதே நாள்களில், டி.டி.வி.தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ-க்கள் முதலில் புதுச்சேரியிலும் பிறகு கர்நாடகாவின் குடகிலும் சொகுசு விடுதிகளில் தங்கியிருந்தார்கள். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் கூவத்தூர் விடுதியிலிருந்து பேருந்தில் நேராகச் சட்டமன்றத்துக்கு வந்து, பிப்ரவரி 18-ல் எடப்பாடி பழனிசாமிக்கு 122 பேர் வாக்களித்திருந்தார்கள். விடுதி அரசியல் தமிழ்நாட்டுக்குப் பழகிப்போன வருடம் அது.

இந்தப் பின்னணியில்தான் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன், 'வேலை இல்லையேல் ஊதியம் இல்லை' என்ற விதியை, வேலையைப் பார்க்காமல் விடுதிகளில் தங்கியிருக்கும் எம்.எல்.ஏ-க்களுக்கும் ஏன் பொருத்தக் கூடாது என்று கேட்டார். மறுநாள் எல்லா பேப்பரிலும் அதுதான் தலைப்பு. ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் அது எத்தனை முறை ஃபார்வேர்டு ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேட்பதற்குக் குளிர்ச்சியாக இருக்கும் அந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2017 செப்டம்பரில் சட்டமன்றமே நடக்கவில்லை! மானியக் கோரிக்கை விவாதங்கள் ஜூலை 19-ம் தேதியோடு முடிந்துவிட்டன. அடுத்து அவை கூடியது 2018 ஜனவரி 8, ஆளுநர் உரைக்குத்தான். இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 174-வது பிரிவு. பத்துப் பதினொரு நாள் மிச்சம் வைத்து அந்த விதியைக் காப்பாற்றியிருந்தார்கள். ஆக, சட்டமன்ற வருகையோடு சம்பளத்தை முடிச்சுப் போடும் சட்டம் அப்போது இருந்திருந்தாலும், குடகில் இருந்த எம்.எல்.ஏ-க்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

இன்னொரு வேடிக்கை. எம்.எல்.ஏ-க்களின் மாத வருமானத்தை 55,000-லிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு வந்ததும் அதே 2017 ஜூலை 19-ம் தேதிதான். அவை முடிகிற நாளில் அறிவிப்பு. அதற்கான மசோதா 2018 ஜனவரி 10-ல் தாக்கலானது. அன்றைக்கு அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சம்பளப் பிரச்னைக்காக வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பெரியார் பேருந்து நிலையத்திலும் மாட்டுத்தாவணியிலும் ஜனம் தவித்துக்கொண்டிருந்த நேரம். 'இந்தச் சமயத்தில் எங்களுக்குச் சம்பள உயர்வு வேண்டாம்' என்று அப்போதைய எதிர்க்கட்சியான தி.மு.க எதிர்த்தது. மசோதா நிறைவேறிவிட்டது.

1,05,000 ரூபாயில் என்னென்ன?

'எம்.எல்.ஏ சம்பளம் ஒரு லட்சம்' என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்த உயர்வின்போது அதைப் பிரித்த விதம் இது: சம்பளம் 30,000. ஈட்டுப்படி 10,000. தொலைபேசிப்படி 7,500. தொகுதிப்படி 25,000. அஞ்சல்படி 2,500. தொகுப்புப்படி 5,000. வாகனப்படி 25,000. அதாவது, 'சம்பளம்' என்ற பெயரில் வருவது 30,000 ரூபாய் மட்டுமே. மற்றதெல்லாம் படி.

இங்கேதான் சம்பளப் பிடித்தம் பேசுகிறவர்கள் தடுமாறுகிறார்கள். எதில் பிடிப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வருடத்தில் 40 நாள் அவை கூடுவதாக வைத்துக்கொள்வோம். நம்ம ஊர் எம்.எல்.ஏ ஒருவர் ஒரு நாள்கூடப் போகவில்லை. அரசு அலுவலகக் கணக்குப்படி மாதச் சம்பளம் 30,000-ஐ 30-ஆல் வகுத்தால், நாளுக்கு 1,000 ரூபாய். 40 நாளுக்கு 40,000. அவருடைய வருட வருமானம் 12,60,000. அதில் 40,000 போவது நூற்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம். யாருக்கு வலிக்கும்?

மாறாக, 'எம்.எல்.ஏ-வின் வேலையே சட்டமன்றத்துக்குப் போவதுதான்' என்று எடுத்துக்கொண்டு மொத்த வருமானத்தையும் அந்த 40 நாளுக்குப் பங்கு போட்டால், ஒரு நாளுக்கு 31,500 ரூபாய். ஒருநாள் காய்ச்சலில் படுத்தால்கூடப் பெரிய அடி. ஒரே ஆள், ஒரே லீவு. ஆனால் ஒரு கணக்கில் 1,000, இன்னொரு கணக்கில் 31,500. எம்.எல்.ஏ என்பவரின் வேலை என்ன என்று நாம் நினைக்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் விடை.

நாடாளுமன்றத்தில் இதில் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள். எம்.பி-க்களின் மாதச் சம்பளம் 2023 ஏப்ரல் 1-ஐக் கணக்கிட்டு 1,24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறிவிப்பு வந்தது 2025 மார்ச்சில். அந்தச் சம்பளத்துக்கும் வருகைக்கும் தொடர்பில்லை. ஆனால், கூட்டத்தொடர் நாள்களுக்கான தினப்படி 2,500 ரூபாய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். 1954-ம் ஆண்டு சட்டத்திலேயே இந்த நிபந்தனை இருக்கிறது.

கையெழுத்துப் போட்டால் போதுமா?

கையெழுத்து என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஞாபகம் வருவது கோட்டையின் லாபியில் இருக்கும் அந்தப் பதிவேடுதான்.

2011 முதல் 2016 வரையிலான சட்டமன்றத்தில் திருவாரூர் எம்.எல்.ஏ-வாக இருந்த கருணாநிதி, சக்கர நாற்காலி வந்துபோக வசதியான இருக்கை ஒதுக்கித் தரும்படி கேட்டார். அது அமையவில்லை. கோட்டைக்கு வருவார், லாபியில் பதிவேட்டில் கையெழுத்திடுவார், திரும்பிவிடுவார். அதைப் படம் எடுக்க ஒரு பட்டாளமே காத்திருக்கும். அதே அவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் மதுரை மண்ணின் மைந்தர் விஜயகாந்த். 2012 பிப்ரவரியில் அவைக்குள் நடந்த மோதலுக்குப் பிறகு பத்து நாள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அதன்பின் அவர் அவைப் பக்கம் வருவது அபூர்வமாகிவிட்டது. அவரும் லாபியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன செய்திகள் உண்டு.

இவர்கள் சம்பளத்துக்காகக் கையெழுத்துப் போடவில்லை. பதவிக்காகப் போட்டார்கள். அரசியலமைப்பின் 190-வது பிரிவு, நான்காம் உட்பிரிவின்படி, அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராத உறுப்பினரின் இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம். இந்த 60 நாளில், அவை முடித்துவைக்கப்பட்டிருக்கும் காலமும், தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டிருக்கும் காலமும் சேராது. அவையே வருடத்துக்குச் சில வாரங்கள்தான் கூடுகிறது என்றால், 60 நாள் சேர எவ்வளவு காலம் ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே ஒருநாள் வந்துவிட்டால் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து.

நாடாளுமன்றத்தில் இதே போன்ற 101-வது பிரிவில் பதவி இழந்தவர் ஒருவர் உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் பர்ஜிந்தர் சிங் ஹம்தர்த். 2000-ல் அவருடைய இடம் காலியானதாக அறிவிக்கப்பட்டது. இப்படி நடப்பது மிக மிக அரிது.

லாபியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் காலையில் கையெழுத்திட்டுப் படியை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய உறுப்பினர்களை வீடியோ எடுத்து நாறடித்தார்கள். இப்போது அங்கே, வாக்கெடுப்பு நாள்களில் பெயர் பதிவாகும் வாக்கெடுப்புகளில் பாதிக்காவது பங்கேற்காவிட்டால் அன்றைய படி பாதியாகிவிடும். பிரான்ஸில் ஒரே மாதத்தில் இரண்டுக்கு மேல் நிலைக்குழுக் கூட்டங்களைத் தவறவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு முறைக்கும் பதவிப்படியில் கால் பங்கு போகும். ஜெர்மனியிலும் வராத நாளுக்குப் பிடித்தம் இருக்கிறது. ஆனால் பேறுகாலத்துக்கும், உடம்பு சரியில்லாத குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் அதற்கும் பிடித்தம் கிடையாது. இங்கே சட்டம் எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை மறக்காமல் இருந்தால் நல்லது. அவையில் பெண்கள் எண்ணிக்கை கூட வேண்டும் என்று பேசிக்கொண்டே, பிள்ளை பெற்றவருக்குச் சம்பளத்தைப் பிடிக்க முடியாதில்லையா?

பக்கத்தில் இலங்கையில், எம்.பி-யின் மாதக் கொடுப்பனவு 54,285 ரூபாய் என்றும், அமர்வுக்கு வந்தால் நாளுக்கு 2,500 ரூபாய் தனி என்றும் வைத்திருந்தார்கள். அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் அமர்வுகளுக்கு வராவிட்டால் பதவி போய்விடும்.

மதுரை முன்னாள் எம்.பி சொன்ன எதிர்வாதம்

இந்தியாவில் 'வேலை இல்லையேல் ஊதியம் இல்லை' என்பதை எம்.பி-க்கள் தாங்களாகவே கையில் எடுத்த தருணம் 2018 ஏப்ரலில் வந்தது. காரணம், காவிரி!

அந்த ஆண்டு பிப்ரவரி 16-ல் காவிரித் தீர்ப்பு வந்தது. ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் அமைக்க வேண்டும். மத்திய அரசு இழுத்தடித்தது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அ.தி.மு.க எம்.பி-க்கள் மக்களவையின் மையப்பகுதியில் பதாகைகளோடு தினமும் நின்றார்கள். ஆந்திர எம்.பி-க்கள் சிறப்பு அந்தஸ்து கேட்டு நின்றார்கள். பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பாதி கிட்டத்தட்ட முழுசாகவே வீணானது. முடிவில் அப்போதைய நாடாளுமன்ற விவகார அமைச்சர் அனந்தகுமார், அவை முடங்கிய 23 நாள்களுக்கான சம்பளத்தையும் படியையும் பா.ஜ.க கூட்டணி எம்.பி-க்கள் வாங்க மாட்டார்கள் என்று அறிவித்தார்.

'நான் வாங்குவேன்' என்று உடனே மறுத்தவர், அதே கட்சியின் சுப்பிரமணியன் சுவாமி. 1998-ல் மதுரை மக்கள் மக்களவைக்கு அனுப்பிய அதே சுவாமிதான். அவர் வாதம் எளிமையானது: நான் தினமும் போனேன், அவை நடக்கவில்லை என்றால் அது என் தப்பா? நான் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்ட உறுப்பினர், அவர் சொல்லாமல் நானாகச் சம்பளத்தை எப்படி விடுவது?

சுவாமியைப் பிடிக்காதவர்கள்கூட முதல் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அவைக்கு வந்து உட்கார்ந்தவருக்கு வருகை உண்டு, வேலை நடக்கவில்லை. மையப்பகுதியில் பதாகையோடு நின்ற எம்.பி-யும் 'வந்தவர்'தான். அவரைக் கேட்டால், 'என் தொகுதி விவசாயிக்காகத்தான் நின்றேன், இதுவும் என் வேலைதான்' என்பார். வெளிநடப்பு செய்தவர் வந்தவரா, வராதவரா? கையெழுத்துப் போட்டு பத்தே நிமிடத்தில் வெளிநடப்பு செய்தவருக்கு அரைநாளா? ஜவுளிக்கடைக் கணக்கு கோட்டைக்குள் அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகாது.

இதைவிடக் கவலை தரும் விஷயம் சஸ்பெண்ட். 2006 மே மாதம் சட்டமன்றத்தில் அ.தி.மு.க உறுப்பினர்கள் கூண்டோடு சஸ்பெண்ட் ஆக, ஜெயலலிதா தன்னந்தனியாக அவைக்கு வந்தார். 2016 ஆகஸ்ட் 17-ல் தி.மு.க உறுப்பினர்கள் 79 பேர் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டு, ஒரு வாரத்துக்கு சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். இரண்டு கழகமும் இரண்டு பக்கமும் இருந்து பார்த்த அனுபவம் இது. வருகைக்குத்தான் சம்பளம் என்று சட்டம் வந்தால், 'வெளியே போ' என்று சொல்லும் அதிகாரத்தோடு எதிர்க்கட்சிக்காரரின் சட்டைப்பையில் கைவிடும் அதிகாரமும் சபாநாயகருக்குச் சேர்ந்தே போய்விடும். சபாநாயகர் எந்தக் கட்சி என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். இந்த யோசனைக்குக் கைதட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நன்மாறனுக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே பிடித்தமா?

சம்பளம் பிடித்தால் யாருக்கு வலிக்கும் என்ற கேள்வியை மதுரையில் வைத்துக் கேட்டால், பதில் சட்டென்று கிடைக்கும்.

மார்க்சிஸ்ட் கட்சியின் என்.நன்மாறன் 2001 முதல் 2011 வரை இரண்டு முறை மதுரை கிழக்குத் தொகுதியின் எம்.எல்.ஏ. மேடையில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். 'மேடைக் கலைவாணர்' என்றே அவருக்குப் பெயர். பத்து வருடம் எம்.எல்.ஏ-வாக இருந்தவர், கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். 2021-ல், அரசு வீடு ஒன்று ஒதுக்கித் தரும்படி மனுவோடு கலெக்டர் அலுவலகத்தில் வந்து நின்ற படத்தைப் பார்த்து மதுரையே கலங்கியது. அந்த அக்டோபரிலேயே காலமாகிவிட்டார். அவருடைய கட்சியில் எம்.எல்.ஏ சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு, கட்சி தரும் தொகையில் குடும்பம் நடத்துவதுதான் வழக்கம்.

மறுபக்கம், 2021 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தவர்களின் வேட்புமனுக்களை ஆராய்ந்த ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், நூற்றுக்கு 86 பேர் கோடீஸ்வரர்கள் என்றது. கோடிகளில் சொத்து வைத்திருப்பவருக்கு நாளுக்கு ஆயிரம் ரூபாய் பிடித்தம் என்பது டீ செலவு. 'பிடிச்சுக்கோ, நான் வரலை' என்று சொல்லிவிட்டுத் தன் தொழிலைப் பார்க்கப் போய்விடலாம். காசைக் கட்டிவிட்டால் லீவு சட்டபூர்வமாகிவிடும் ஆபத்துகூட இருக்கிறது.

சச்சின் டெண்டுல்கரை நினைத்துப் பாருங்கள். 2012 முதல் 2018 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினர். வருகை நூற்றுக்குப் பத்துகூட இல்லை. போகும்போது ஆறு வருடச் சம்பளம், படி என்று சுமார் 90 லட்சம் ரூபாயைப் பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். பணம் திரும்பி வந்துவிட்டது. அவருடைய நாற்காலி காலியாக இருந்த நாள்கள் வரவில்லையே.

காலி நாற்காலி என்றால் என்னவென்று திருப்பரங்குன்றம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். 2016 மே தேர்தலில் ஜெயித்த சீனிவேல் பதவியேற்பதற்கு முன்பே இறந்துபோனார். நவம்பரில் இடைத்தேர்தல். ஜெயித்த ஏ.கே.போஸ் 2018 ஆகஸ்டில் இறந்தார். அடுத்த இடைத்தேர்தல் 2019 மே 19-ல்தான். இரண்டு இடைவெளியையும் சேர்த்தால் அந்த ஐந்து வருட ஆட்சிக்காலத்தில் 15 மாதம் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ-வே இல்லை. அந்த மாதங்களில் அவனியாபுரத்துக்காகவோ திருநகருக்காகவோ அவையில் எழுந்து நிற்க ஒரு உள்ளூர் ஆள் கிடையாது. மரணத்தால் வந்த வெறுமை அது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால், உயிரோடு இருக்கும் எம்.எல்.ஏ அவைக்குப் போகாமல் இருந்தால், தொகுதிக்கு அதே கதிதான்.

ஒரு ஓட்டு எவ்வளவு பெரியது என்பதும் மதுரைக்குத் தெரியும். சுவாமி மதுரை எம்.பி-யாக இருந்தபோதுதான், 1999 ஏப்ரல் 17-ல், வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அன்றைக்கு ஒருவர் லீவு போட்டிருந்தால் சரித்திரமே வேறு.

சித்திரைத் திருவிழாவா, மானியக் கோரிக்கையா?

எம்.எல்.ஏ-க்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். பட்ஜெட்டுக்குப் பிறகு மானியக் கோரிக்கை விவாதங்கள் பெரும்பாலும் நடப்பது பங்குனி, சித்திரையில். மதுரையில் அப்போதுதான் மீனாட்சி திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது. கள்ளழகர் வைகையில் இறங்குகிற அன்று எம்.எல்.ஏ கரையில் நிற்கவில்லையென்றால் ஊரே கேட்கும். அதே வாரத்தில் குடிநீர்த் துறை மானியக் கோரிக்கையில் அவர் பேசவில்லை என்றால்? ஒருத்தரும் கேட்பதில்லை.

காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு, துக்க வீடு... எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ வர வேண்டும். வராவிட்டால் 'ஜெயிச்சதும் ஆளையே காணோம்' என்பது பேச்சு. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, அவையில் உட்கார்ந்து, வார இறுதியில் மறுபடி ஊருக்கு வந்து மொய் எழுதுகிற வாழ்க்கை சுலபமானதல்ல. நம் மனசில் எம்.எல்.ஏ-வுக்கு இருக்கும் வருகைப் பதிவேடு கோட்டை லாபியில் இல்லை, கல்யாண மண்டப வாசலில்தான் இருக்கிறது. அவர்களும் அதில்தான் ஒழுங்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அவை எத்தனை நாள் கூடுகிறது என்பதையும் விட்டுவிட முடியாது. ஆண்டுக்கு 100 நாள்களுக்குக் குறையாமல் சட்டமன்றம் கூடும் என்பது 2021 தேர்தலில் தி.மு.க கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. நூறு நாள் வேலை கேட்கிற கிராமத்து மக்களைப்போல, அவையும் நூறு நாளை எட்ட முடியாமல்தான் இருந்தது. பள்ளிக்கூடமே திறக்காமல் பையன் ஆப்சென்ட் என்று சொல்ல முடியுமா?

கவுன்சிலருக்கு மட்டும் கறார்

கோட்டையில் இல்லாத கண்டிப்பு, மதுரை அறிஞர் அண்ணா மாளிகையில் இருக்கிறது. மாநகராட்சி கவுன்சிலர் தொடர்ந்து மூன்று மாதம் மாமன்றக் கூட்டங்களுக்கு வராவிட்டால் பதவியை இழக்க நேரிடும். இந்த விதியால் தமிழ்நாட்டில் கவுன்சிலர்கள் பதவியை இழந்தும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் கவுன்சிலருக்குக் கிடைத்ததும் கூட்டத்துக்கு வந்தால் தருகிற அமர்வுப்படிதான். 2023 ஜூலையிலிருந்து மாத மதிப்பூதியம் வந்தது. மாநகராட்சி மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000 ரூபாய். வருகைக்குக் காசு என்ற முறை நம் கண்முன்னே இருந்த இடத்திலும், மாதச் சம்பளம் போன்ற முறைதான் உள்ளே வந்திருக்கிறது. எம்.எல்.ஏ-வுக்கு இதற்கு நேர்மாறான திசையில் போகச் சொல்கிறோம்.

அப்படிப் போக வேண்டுமென்றால் வழி என்ன? 195-வது பிரிவின்படி எம்.எல்.ஏ சம்பளத்தைச் சட்டமன்றம்தான் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கென 1951-லேயே சம்பளங்கள் வழங்கும் சட்டம் இருக்கிறது. அதில் ஒரு திருத்தம் போதும். அவைக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கணக்கிடலாம், வாக்கெடுப்பைக் கணக்கிடலாம், மருத்துவக் காரணத்துக்கும் பேறுகாலத்துக்கும் விலக்கு தரலாம், சஸ்பெண்ட் நாள்களைத் தனியாக வைக்கலாம். எழுதுவது கஷ்டமில்லை. தன் சம்பளத்தில் கைவைக்கும் மசோதாவுக்குத் தானே 'ஆம்' சொல்ல, அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை வேண்டும், அதுதான் கஷ்டம். 2018 ஜனவரியில் சம்பளத்தை ஏற்றும் திருத்தம் ஒரே கூட்டத்தொடருக்குள் நிறைவேறியது.

சம்பளத்தைப் பிடிப்பதற்கு முன்னால், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதாவது தெரிய வேண்டாமா? மக்களவை எம்.பி-யின் வருகை, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள் எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துவிடலாம். மதுரை எம்.பி-யின் கணக்கைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எம்.எல்.ஏ-வுக்கு அவ்வளவு சுலபமான வழி இல்லை. 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலையில் வரத் தொடங்கியது நல்ல மாற்றம். ஆனால் கேமரா பேசுகிறவரைத்தான் காட்டும், காலி இருக்கையைக் காட்டாது.

மதுரை மாவட்டத்தில் மொத்தம் பத்துத் தொகுதிகள். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ-வின் வருகை தெரிய வேண்டுமென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாள் போதும். அவை கூடிய நாள்கள் எத்தனை, அவர் கையெழுத்திட்ட நாள்கள் எத்தனை, கேட்ட கேள்விகள் எத்தனை, பெற்ற படி எவ்வளவு என்று நான்கு வரி எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'பொதுத் தகவல் அலுவலர், சட்டமன்றப் பேரவைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை - 600009' என்ற முகவரிக்கு அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.